போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம்

கோதண்டபாணி நகர் நான்காவது குறுக்குத் தெரு முதன்முதலாகச் சாய்ந்தது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணிக்கு; சாய்த்தது என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த எஸ்தர் என்ற பெண்; சாய்ந்ததில் முதலில் உடைந்தது என்னுடைய ரோஜாத் தொட்டி. ஆகவே இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அந்தத் தெருவில் கிடையாது. இருப்பதாக யாராவது சொன்னால் அவர்கள் நான் செகரட்டரியாக இருந்த தெருச் சங்கத்துக்குச் சந்தா கட்டாதவர்களாக இருப்பார்கள்.

எங்கள் தெரு முன்னூறு மீட்டர் நீளம். ஒரு முனையில் மெயின் ரோடும் அதை ஒட்டி ஒரு பெரிய கால்வாயும் இருக்கின்றன, மறுமுனையில் ஒரு மதில் சுவர், அந்தச் சுவரோடு தெரு முடிந்துவிடுகிறது, அங்கே கடைசியாக இருப்பது என் வீடு. நடுவில் நாற்பது வீடுகள், நாற்பதிலும் பக்கத்து வீட்டைப் பிடிக்காதவர்கள். சென்னையில் இந்த இடம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. எங்கள் பத்திரங்களில் அந்தச் சொல் கிடையாது, ஆனால் மழைக்குப் பத்திரம் படிக்கத் தெரியாதே, அது வருஷா வருஷம் ஐப்பசியில் தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரே தோசைக்கல் மாதிரித் தட்டை என்பதால் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும், நாங்களும் அதைத் திட்டிக்கொண்டு நிற்போம். நான் வாசல்படியை இரண்டு முறை உயர்த்திக் கட்டினேன். எதிர்வீட்டுக்காரர் மூன்று முறை உயர்த்தினார், அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

எஸ்தருக்கு நாற்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, தனியாக இருந்தாள். தண்ணீர் சுத்தம் பண்ணும் மிஷின் விற்கிற ஏதோ ஒரு கம்பெனியில் புகார் போனை எடுப்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், நூறு நூற்றுப்பத்துப் பேர் அவளைத் திட்டுவார்கள், ஒவ்வொருவரிடமும் அவள் "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்று சொல்ல வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது காது இரண்டும் அடி வாங்கினவை போலச் சிவந்திருக்கும். காலையில் ஒரு நாற்பது நிமிஷம் மட்டும்தான் அவளுடையது. அந்த நேரத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கின லேடீஸ் சைக்கிளில் ஏறி, முன்கூடையில் ஒரு சின்ன ரேடியோவை வைத்துப் பழைய பாட்டு பாடவிட்டு, மெயின் ரோட்டில் பஷீர் பாய் கடைக்குப் போய் ஒரு டீயும் ஒரு பன் பட்டர் ஜாமும் சாப்பிட்டுவிட்டு வருவாள். அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு மனுஷி ஏன் அப்படி முகம் மலர வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

குடிவந்த அன்றே நான் சொல்லிவிட்டேன்: "சைக்கிளை மாடிப்படிக்குக் கீழ வைக்கக் கூடாதும்மா. அது நாங்க செருப்பு விடற இடம்."

"சரி சார், மேலயே தூக்கிட்டுப் போயிடறேன்" என்றாள். தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினாள், இறங்கினாள். முகத்தில் ஒரு சுணக்கம்கூட இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கேட்டைத் திறந்து, ரேடியோவின் காதைத் திருகி, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் வயலின்கள் வந்ததும் பெடலில் கால் வைத்தாள். மெயின் ரோட்டுப் பக்கம் தெரு மெதுவாகத் தாழ்ந்தது, எங்கள் பக்கம் உயர்ந்தது, அவள் மிதிக்காமலே கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டு போனாள். பின்னாலேயே பால் டிரேக்கள் போயின, நிறுத்தியிருந்த இரண்டு ஆட்டோக்கள் போயின, என் ரோஜாத் தொட்டி ஏழாம் நம்பர் வீட்டுத் தூணில் மோதி உடைந்தது. நாற்பது நிமிஷம் கழித்து அவள் திரும்பி வரும்போது தெரு இந்தப் பக்கம் தாழ்ந்து அந்தப் பக்கம் உயர்ந்தது, போன ஆட்டோக்கள் இரண்டும் பின்பக்கமாக உருண்டு வந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றன. போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் "ஏன்" என்று கேட்கிற பழக்கமே கிடையாது, "யாரைக் கேட்டு" என்றுதான் கேட்போம்.

இருபது நாளில் தெரு அதற்குப் பழகிவிட்டது. தண்ணி லாரி வருகிற நேரம் மாதிரி, குப்பை வண்டி வருகிற நேரம் மாதிரி, சாயுற நேரம் என்று ஒரு நேரம் உண்டாயிற்று. ஐந்தரைக்கே எல்லோரும் வண்டிச் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் செங்கல் வைத்தார்கள், சாம்பார் கொதிக்கிற அடுப்பை ஐந்து நிமிஷம் அணைத்து வைத்தார்கள், கோலம் போடுகிற பெண்கள் அவள் போய் வந்த பிறகே புள்ளி வைத்தார்கள், பேப்பர் போடுகிறவர் மேட்டுப் பக்கம் நின்றுகொண்டு பேப்பரைத் தரையில் விட அவை தானே வழுக்கி அந்தந்த வீட்டு வாசலில் போய் நின்றன. சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர்கள் மட்டும் எதிர்ப்பக்கமாக ஏறி நடந்து, எடை குறைந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ரிட்டயர்டு இன்ஜினியர் ஞானசம்பந்தம், எங்கள் சங்கத் தலைவர், கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தைத் தரையில் வைத்து அளந்து பார்த்தார்.

"பதினோரு டிகிரி, செகரட்டரி சார்" என்றார். "இதுக்கு மேல போனா கட்டடம் தாங்காது."

தாங்காது என்றதும் சங்கம் கூடியது. கூட்டத்தில் அத்தனை பேரும் ஒன்றாக ஒரு ஆளை வெறுத்தது அதுதான் முதல் தடவை, அதற்கு முன்னால் தனித்தனியாகத்தான் வெறுத்துக்கொண்டிருந்தோம். அயர்ன் வண்டி லோகநாயகி, சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்றாலும், வாசலில் நின்று கத்தினாள்.

"இன்னா சார் இது? பொட்டிய வெச்சா வண்டியே ஓடுது, டாக்டர் வூட்டுப் புடவை கருகிப் போச்சு. அந்தம்மா சொகுசுக்கு நான் கரியக் கொட்டிக்கினு நிக்கணுமா?"

சொகுசு என்ற சொல் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நாங்களும் இதே ஊரில்தான் இருக்கிறோம், யாருக்கு இருக்கிறது சொகுசு? நான் நோட்டீஸ் எழுதினேன்: ஆவணி முடிவதற்குள் சைக்கிளை நிறுத்த வேண்டும், அல்லது வீட்டைக் காலி பண்ண வேண்டும். மாடிக்குப் போய் நானே கொடுத்தேன்.

"நாப்பது நிமிஷம்தானே சார்" என்றாள் எஸ்தர்.

"தெரு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"இல்ல சார். அப்பன் வீடுன்னு ஒண்ணு இருந்தா அதுக்குள்ளயே ஓட்டியிருப்பேனே."

இது திமிர்தான், வேறென்ன.

ஆவணி முடிய நாலு நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி முழுக்க இடி மழை. காலையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரிலும் அவள் கிளம்பினாள், வயலின் வந்தது, தெரு மெயின் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது, தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும், பிளாஸ்டிக் கவர்களும் செருப்புகளும் யாருடையதோ ஒரு துடைப்பமுமாக, அவள் பின்னாலேயே ஓடிக் கால்வாயில் விழுந்தது. நாற்பது வீட்டுக்காரர்களும் கேட்டில் நின்று காய்ந்த தாரைப் பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவே சிரித்தார். நாற்பது நிமிஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். தெரு இந்தப் பக்கம் சாய்ந்தது, கால்வாயில் விழுந்த தண்ணீரில் பாதி அவளோடு திரும்பி வந்து என் வாசல்படியை நக்கியது.

உடனே அவசரக் கூட்டம். அன்று அவள் பெயர் "அந்தம்மா" இல்லை, "நம்ம எஸ்தர்". நோட்டீஸ் ரத்து. பதிலாக நான் ஒரு விதி எழுதினேன், சங்கத்தில் நான் எழுதினவற்றிலேயே சிறந்தது அதுதான் என்று அப்போது நினைத்தேன்: எஸ்தர் போகும்போது சைக்கிளை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், வரும்போது தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அவளுடைய சந்தோஷத்தில் சரிபாதியை ஒரே வாக்கியத்தில் வெட்டி எடுத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் எழுதியிருப்பேன், படி என்னுடையதாயிற்றே.

அதற்குப் பிறகு விதிகள் வளர்ந்தன. ரேடியோ கூடாது, கவனம் சிதறும். தண்ணீர் வடிகிறவரை சுற்றுச் சுற்றாக ஓட்ட வேண்டும். டீக்கடையில் நிற்கக் கூடாது, அடுத்த சுற்றுக்குத் தாமதமாகும். மழை பெய்தால் எந்த நேரமானாலும் வர வேண்டும், ஆபீசில் இருந்தால் பர்மிஷன் போட்டுவிட்டு வர வேண்டும். அவள் மறுத்தபோதெல்லாம் வாடகை ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். ஒரு வாரம் அவளை நம்பியிருக்காமல் நாங்களே ஓட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவராக அந்தச் சைக்கிளில் ஏறினார்கள். ஆளுக்கொரு முறைப்பு, ஆளுக்கொரு பல்கடி, பரீட்சை எழுதுகிற முகம். ரசமட்டத்தின் குமிழி நடுவில் இருந்து அசையவே இல்லை.

எஸ்தர் ஓட்டினாலும் குமிழி சோம்பலாகிக்கொண்டு வந்தது. ஆவணியில் பதினொன்று, புரட்டாசி முதல் வாரம் எட்டு, அப்புறம் ஐந்து, அப்புறம் மூன்று. ஞானசம்பந்தம் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புது எண்ணெய் போட்டார். இரண்டு டயரையும் மாற்றினோம், மெத்தென்ற புது சீட் போட்டோம், பெல்லைக்கூட மாற்றினோம். தெரு முழுவதும் அந்தச் சைக்கிளுக்குச் சேவகம் செய்தது. அதில் உட்கார்ந்திருந்தவளை நிமிர்ந்து பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. என் மனைவி கனகவல்லி மட்டும் ஒருநாள் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு முகமே செத்துப்போச்சுங்க."

"உனக்கு வீட்டுக்குள்ள தண்ணி வரணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் மதியம் மூன்று மணிக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், என் வாசல்படிக்கு இன்னும் ஒரு விரற்கடை பாக்கி. கனகவல்லி அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜுக்கு அடியில் நாலு செங்கல் வைத்தோம், அதற்கு மேல் வைக்கச் செங்கல் இல்லை. ஏழெட்டுப் பேர் என் கேட்டில் வந்து நின்றார்கள். நான் மாடி ஏறிக் கதவைத் தட்டினேன்.

எஸ்தருக்கு ஜுரம் போலிருந்தது, போர்வையோடு வந்து நின்றாள். "காலைலேர்ந்து அஞ்சு சுத்து ஓட்டிட்டேன் சார். ஒண்ணும் சாயல. மூணு நாளா வேலைக்குப் போகல, நாளைக்கும் போகலேன்னா வேலை இருக்காது."

"இப்ப ஓட்டலேன்னா வீடு இருக்காது."

 அவள் உள்ளே போய்ப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரேடியோவை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கூடையில் வைத்து, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கினாள். விதிப்படி ரேடியோ கூடாது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அதுதான் நான் அவளுக்குக் காட்டின ஒரே தாராளம்.

முழங்கால் தண்ணீரில் சைக்கிள் எப்படிப் போகும்? நின்றுகொண்டு மிதித்தாள், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முழம் நகர்ந்தாள். தெரு அசையவில்லை. ஒவ்வொரு கேட்டிலும் ஆட்கள் நின்று கத்தினார்கள்: வேணும்னே பண்றா, வேகமா மிதிம்மா, நேத்து வரைக்கும் சாஞ்சுதே, யாரை ஏமாத்தற. அவள் ஒவ்வொரு கேட்டையும் தாண்டும்போது தலையைத் திருப்பி, மூச்சு வாங்க, பழக்க தோஷத்தில் சொல்லிக்கொண்டே போனாள்: "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம்." நாற்பது கேட். நாற்பது முறை. நானும் கேட்டேன், என் காதில் விழுந்தது. ஆனாலும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன். பாவம் பார்த்துப் போகவில்லை, மெயின் ரோட்டில் நிறுத்தி வைத்து நாலு வார்த்தை கேட்கவே போனேன்.

மெயின் ரோடு கொஞ்சம் மேடு, பஷீர் பாய் கடையில் தண்ணீர் இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்திருந்தாள். சைக்கிள் தூணில் சாய்ந்திருந்தது, கூடையில் கவருக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் விரலை நீட்டிக்கொண்டு போனேன். முன்னூறு மீட்டர் தண்ணீரில் நடந்ததில் ஐம்பத்தெட்டு வயசு நெஞ்சு அடைத்துக்கொண்டது, வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. திட்டுவதற்கு மூச்சு வேண்டும், அது இல்லாமல் நான் நின்றது அன்றுதான்.

"உக்காருங்க செகரட்டரி சார்" என்று பஷீர் பாய் நீட்டின என் விரலில் ஒரு டீ கிளாஸைக் கொடுத்தார்.

குடித்தேன். இஞ்சி போட்டிருந்தார். எஸ்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன் சார், பஸ் வருது. மழை விட்டதும் வந்து சாமான் எடுத்துக்கறேன், நீங்க காலி பண்ணச் சொல்ல வேண்டாம். சைக்கிளை மட்டும் கொண்டுபோய் வெச்சிடுங்க." பஸ் படியில் காலை வைத்தவள் திரும்பிச் சொன்னாள்: "தள்ளிட்டுப் போங்க. ரூல் அதுதானே."

பஸ் போய்விட்டது. எங்கள் தெருவைக் காப்பாற்றுகிற ஆள் அதில் போகிறாள் என்பதும், அனுப்பி வைத்தது நான்தான் என்பதும் எனக்கு நன்றாகவே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் எனக்குப் பழக்கமில்லாத சமாசாரம், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சைக்கிளைப் பிடித்தேன்.

பத்தடி தள்ளினேன். பெடல் கெண்டைக்காலில் இடித்தது. கூடையில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது, யாரோ ஒருத்தி எந்தக் கவலையும் இல்லாமல் மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்றாள். நாக்கில் இன்னும் இஞ்சி இருந்தது, மழை ஓய்ந்து மெயின் ரோட்டு வண்டிகளின் விளக்கெல்லாம் ஈரத்தில் மின்னின, ஒரு பூக்காரம்மா தார்ப்பாயை விலக்கிக் கூடையைத் திறந்தாள், சட்டென்று மல்லிகை. இத்தனை வருஷமாக இதே ஊரில்தானே இருக்கிறேன், இதெல்லாம் தினமும் இங்கேதான் இருந்ததா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டேன். லேடீஸ் சைக்கிள் என்பதால் பார் குறுக்கே இல்லை, சுலபமாக ஏறிவிட்டேன்.

தெரு தாழ்ந்தது.

பதினோரு டிகிரி எல்லாம் இல்லை, ஞானசம்பந்தம் அன்று ரசமட்டத்தோடு வந்திருந்தால் குமிழி கண்ணாடியை விட்டே வெளியே போயிருக்கும். என் வீட்டுப் பக்கமாகத் தெரு தாழ்ந்துகொண்டே போனது, நான் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டேன், தண்ணீர் எனக்கு இரண்டு பக்கமும் கிளம்பி என்னோடு ஓடி வந்தது, வேட்டி பின்னால் படபடத்தது, காற்று வாய்க்குள் புகுந்து பல்லெல்லாம் குளிர்ந்தது. சுகமாக இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்: அத்தனை சுகமாக என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

கேட்டுகளில் நின்றவர்கள் கத்தினார்கள். மேட்டுப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, அவர்கள் சந்தோஷத்தில் கத்தினார்கள். பள்ளத்தில் இருந்த கடைசி ஆறு வீட்டுக்காரர்கள் பயத்தில் கத்தினார்கள். "பிரேக்! செகரட்டரி சார், பிரேக் பிடிங்க!" என்று ஞானசம்பந்தம் மொட்டை மாடியிலிருந்து கையை ஆட்டினார். என் வீடு தெரிந்தது. வாசலில் கனகவல்லி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். முன்னூறு மீட்டர்த் தெருவின் மொத்தத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு நான் வருவதையும், என் முகத்தையும் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் பெல்லை அடித்தேன். நானும் தண்ணீரும் சேர்ந்தே இரண்டு முறை உயர்த்திக் கட்டின படியைத் தாண்டி ஹாலுக்குள் போனோம்.

ஃப்ரிட்ஜ் போயிற்று, டிவி போயிற்று, கட்டில் மேல் ஏற்றின அரிசியும் போயிற்று. கடைசி ஆறு வீடுகளிலும் இதே கதை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்னைச் செகரட்டரி பதவியிலிருந்து கைதூக்கி நீக்கினார்கள், எதிர்வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். பழைய சைக்கிள், பிரேக் பிடிக்கவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று சத்தம் போட்டேன்.

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. நான் அதைத் தொடவே இல்லை.